முதுகு ஊசி எதற்கு? தொடையிடுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், தமிழ்நாடு
நகல்: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளின் பொது அறுவை மருத்துவர்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில், உள்ளே தள்ளினால் போய்விடும் சாதாரணத் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா), கீறித் திறந்த முறையில் மெஷ் (பலவீனமான வயிற்றுச் சுவரைத் தாங்கும் வலைத் துண்டு) வைக்கும்போது, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் முதுகு ஊசியை விட்டு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் லோக்கல் ஊசியை முதல் தேர்வாக்கிச் சுற்றறிக்கை ஒன்று வெளியிட வேண்டும். வெறும் தாளாக அது வந்தால் பயனில்லை. பயிற்சி, மருந்து, சரியான அளவு மெஷ், ஒரு பக்கப் பதிவுப் படிவம் ஆகிய நான்கும் கூடவே வர வேண்டும். ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

ஆண்களில் ஏறத்தாழ 27 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொடையிடுக்கில் குடலிறக்கம் வருகிறது. பெண்களில் 3 சதவீதம். அறுவை சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பகுதி சுமை தூக்குபவர்கள், வயல் வேலை செய்பவர்கள், அறுபது தாண்டிய முதியவர்கள். இந்த முதியவர்களில் பலருக்குப் புராஸ்டேட் வீக்கமும் இருக்கும், கூடவே பீடி இருமலும். முதுகில் ஊசி போட்டதும் கால் இரண்டும் மரக்கின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது, பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏறுகிறது. சாயங்காலம் அடிவயிறு உப்பி, சிறுநீர் வராமல் தவிப்பார். பிறகு கத்தீட்டர் எனும் சிறுநீர்க் குழாய், அதிலிருந்து கிருமித்தொற்று. ஆறு சென்டிமீட்டர் கீறலுக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

திசுவை இழுத்துத் தைக்காத, “டென்ஷன் இல்லாத” இந்த மெஷ் முறையை 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய லிக்டன்ஸ்டைன் குழு, அதை லோக்கலில் செய்வதற்கென்றே வளர்த்தெடுத்தது. 1989-இல் அவர்கள் வெளியிட்ட ஆயிரம் நோயாளிகளின் அறிக்கைதான் உலகம் முழுக்க இம்முறையைக் கொண்டுசென்றது. நாம் மெஷ்ஷை எடுத்துக்கொண்டோம், மரக்க வைக்கும் முறையை விட்டுவிட்டோம். 2003-இல் ஸ்வீடனில் பத்து மருத்துவமனைகளில் 616 நோயாளிகளை லோக்கல், முதுகு ஊசி உள்ளிட்ட வட்டார மயக்கம், முழு மயக்கம் என மூன்றாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். லோக்கலில் செய்தவர்களுக்கு ஆரம்ப வலி குறைவு, சிறுநீர்த் தொல்லை குறைவு, வீடு திரும்பியதும் சீக்கிரம். 2018-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டியும், கைப்பழக்கம் உள்ள மருத்துவர் இருக்கும் பட்சத்தில் திறந்த முறைக்கு லோக்கலைப் பரிந்துரைக்கிறது.

“கைப்பழக்கம்” என்ற நிபந்தனையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஸ்வீடன், டென்மார்க் தேசியப் பதிவேடுகளை அலசியபோது, பொது மருத்துவமனைகளில் லோக்கலில் செய்த சில வகைகளில் மறு அறுவை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. எங்கள் கணிப்பில் காரணம் எளிது: நோயாளி முனகினால் மருத்துவர் அவசரப்படுவார், அவசரத்தில் பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல் மெஷ்ஷைச் சிறிதாக வெட்டி வைத்துவிடுவார். சரியாக மரக்க வைக்கத் தெரியாதவர் லோக்கலில் செய்வதைவிட முதுகு ஊசியில் செய்வதே மேல். எனவே முதலில் பயிற்சி, பிறகுதான் கட்டாயம்.

மரக்க வைக்கும் லிக்னோகெய்ன், பியூபிவகெய்ன் என்ற இரண்டு மருந்துகளின் கணக்கிலிருந்து தொடங்குவோம். 60 கிலோ நோயாளிக்கு: அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன் 10 மி.லி., சாதாரண 0.5 சதவீத பியூபிவகெய்ன் 10 மி.லி., சலைன் 20 மி.லி.; ஆக மொத்தம் 40 மி.லி. இதில் லிக்னோகெய்ன் 200 மி.கி., பியூபிவகெய்ன் 50 மி.கி. அட்ரினலினோடு லிக்னோகெய்னுக்குக் கிலோவுக்கு 7 மி.கி., பியூபிவகெய்னுக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என்ற உச்சவரம்பை வைத்துப் பார்த்தால், முதலாவதில் 48 சதவீதம், இரண்டாவதில் 42 சதவீதம் பயன்படுத்தியிருக்கிறோம். இரண்டின் நச்சும் ஒன்றோடொன்று கூடும் என்பதால் சதவீதங்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 90 வருகிறது, நூறைத் தாண்டவில்லை. “ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்புக்குள்தானே இருக்கிறது” என்று நினைப்பதில்தான் விபத்து நடக்கிறது. இதே 40 மி.லி. கலவையை 40 கிலோ எடையுள்ள முதியவருக்குக் கொடுத்தால் கூட்டுத்தொகை 130-ஐத் தாண்டிவிடும். 45 கிலோ என்றால் இரண்டும் 7 மி.லி. வீதம் எடுத்து, சலைன் 16 சேர்த்து, 30 மி.லி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒல்லியானவருக்கு அதுவே தாராளம்.

இங்கே மருந்தாளுநர் கவனிக்க வேண்டியது ஒன்று. முதுகு ஊசிக்கான 4 மி.லி. “ஹெவி” ஆம்ப்யூலும் 0.5 சதவீத பியூபிவகெய்ன்தான். ஆனால் அதில் டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருக்கிறது. திசுவில் பரப்பிப் போடும் ஊடுருவல் ஊசிக்கு அது வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத 20 மி.லி. வயல் தனியாக இருப்பில் இருக்க வேண்டும். இன்னொன்று, எரிச்சல் குறையட்டும் என்று சோடா பைகார்பைத் தாராளமாக ஊற்றினால் பியூபிவகெய்ன் வெண்படிவாகத் திரிந்துவிடும். கலங்கிய சிரிஞ்சைத் தூக்கி எறியுங்கள்.

ஊசி போடும் வரிசை இப்படி. கீறப்போகும் கோட்டில் தோலுக்குள்ளும் தோலுக்கடியிலும் 8 மி.லி., அதற்கும் கீழே கொழுப்பில் 8 மி.லி. ஊசி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்ற இடத்தில் அழுத்தக் கூடாது. இரத்தக்குழாய்க்குள் மருந்து போகாமலிருக்க இதுவே நல்ல காப்பு. ஐந்து நிமிடம் பொறுத்துக் கீறுங்கள். கொழுப்பை விலக்கியதும் வெளிச்சாய் தசையின் வெள்ளைத் தகடு தெரியும். அதைத் திறப்பதற்கு முன், அதற்கு அடியில் 10 மி.லி. செலுத்துங்கள். அங்கே உள்ள மூடிய தொடையிடுக்குக் கால்வாய் முழுவதும் மருந்து பரவி அந்த இடத்தின் மூன்று நரம்புகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும். கீறலின் மேல்பகுதியில் நீங்கள் கொழுப்பை விலக்கி முடிப்பதற்குள் கீழே மரத்திருக்கும். முழு உத்தியின் உயிர் இந்த ஒரு ஊசியில்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு “லோக்கல் சரிப்படாது” என்பவர்கள் அதிகம்.

அதன் பிறகு பூப்பெலும்பு (அடிவயிற்றின் கீழுள்ள முன்னெலும்பு) முனையைச் சுற்றி 3 மி.லி., வயிற்றுறை பிதுங்கி உருவான குடலிறக்கப் பையின் கழுத்தைச் சுற்றி 4 மி.லி. பையை இழுக்கும்போது வருவது தோல் வலி அல்ல, வயிற்றுறையின் வலி. நோயாளிக்குக் குமட்டும், நாடித்துடிப்பு மெதுவாகும். இழுப்பதை நிறுத்தி, கழுத்தில் மருந்து போட்டுப் பிறகு தொடரலாம். மிச்சம் 7 மி.லி. கையிருப்பு. பதற்றம் தணிக்க மிடாசோலம் 1 மி.கி. போதும். ஆளை முழுசாகத் தூங்க வைத்தால் லோக்கலின் பெரிய லாபமே போய்விடும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

இடுப்பெலும்பு முனையருகே ஆழமாகக் குத்தி நரம்பை மரக்க வைக்கும் பழைய பழக்கமும் உண்டு. மருந்து கீழிறங்கித் தொடை நரம்பைப் பிடித்தால் சில மணி நேரம் முழங்கால் நிற்காது. நோயாளி எழுந்ததும் மடங்கி விழுவார். எந்த முறையானாலும், மேசையிலிருந்து இறக்குவதற்கு முன் படுத்தபடியே காலை நேராகத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது செவிலியரின் வேலையாக எழுதப்பட வேண்டும்.

மயக்க மருந்து நிபுணர் எல்லா நாளும் இல்லாத மருத்துவமனைக்கும் இது ஏற்றது என்று சொல்லும்போது, கவனிக்க ஆளே தேவையில்லை என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. கையில் ஐவி லைன், ஈசிஜி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர், இவற்றை மட்டுமே பார்க்கும் ஒரு செவிலியர், கூப்பிட்ட குரலுக்குச் சுவாசக்குழாய் போடத் தெரிந்தவர் ஒருவர். இவை இல்லையென்றால் அன்று அறுவை சிகிச்சை இல்லை. உதட்டைச் சுற்றி மரப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், சம்பந்தமில்லாத பேச்சு, இவை மருந்து நச்சின் முதல் மணி. அடுத்தது வலிப்பு, அதற்கடுத்து இதயத் தாளம் குலைவது. ஊசியை நிறுத்தி, ஆக்ஸிஜன் கொடுத்து, வலிப்புக்கு மிடாசோலம் போட்டு, 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புக் கலவையைக் கிலோவுக்கு 1.5 மி.லி. ஓரிரு நிமிடத்தில் செலுத்த வேண்டும். 60 கிலோவுக்கு அது 90 மி.லி. தொடர்ந்து நிமிடத்துக்கு 15 மி.லி. வீதம் ஓட வேண்டும். 250 மி.லி. பாட்டில் இரண்டு, தியேட்டர் அலமாரியிலேயே, பூட்டில்லாமல் இருக்க வேண்டும். மருந்துக் கிடங்கில் இருப்பு உண்டு என்ற பதில் அந்த நேரத்தில் உதவாது.

இனி மெஷ். கொள்முதல் விவரக்குறிப்பில் ஒரு வரி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்: பெரியவர்களின் திறந்த தொடையிடுக்கு அறுவைக்கு 7.5 x 15 செ.மீ.க்குக் குறைந்த மெஷ் வேண்டாம். சந்தையில் 6 x 11 அளவும் கிடைக்கிறது, விலையும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பூப்பெலும்பு முனையைத் தாண்டி உட்புறம் 2 செ.மீ., கால்வாயின் பின்சுவரில் உள்ள பலவீனமான முக்கோணத்துக்கு மேலே 3 முதல் 4 செ.மீ., விரைக்குப் போகும் விந்து நாண் வயிற்றிலிருந்து வெளிவரும் உள் வளையத்துக்கு வெளியே 5 முதல் 6 செ.மீ. மூட வேண்டும். அதற்கு மேல், உடலுக்குள் மெஷ் 20 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 11 செ.மீ. நீளத்தில் இதெல்லாம் அடங்காது. மீண்டும் வரும் குடலிறக்கம் பெரும்பாலும் பூப்பெலும்பு முனையருகே, மெஷ்ஷின் ஓரம் எட்டாமல் நின்ற இடத்தில்தான் எட்டிப்பார்க்கிறது. பொருள் ஒற்றையிழைப் பாலிபுரொப்பிலீன், துளைகள் பெரியவை. பல இழை முறுக்கிய மெஷ்ஷில் கிருமி ஒளிந்துகொண்டால் மெஷ்ஷையே எடுக்க வேண்டி வரும். பெருந்துளை ஒற்றையிழை மெஷ் என்றால் பல வேளைகளில் காயத்தைத் திறந்து சுத்தம் செய்தே காப்பாற்றிவிடலாம். 15 x 15 துண்டை வாங்கி இரண்டாக வெட்டி, மறுபாதியை மீண்டும் ஸ்டெரிலைஸ் செய்து அடுத்தவருக்கு வைக்கும் சிக்கனத்தைச் சுற்றறிக்கை வெளிப்படையாகத் தடுக்க வேண்டும். திறந்த பாக்கெட் அன்றைய நோயாளியோடு முடிந்தது.

வைக்கும் விதத்தில் எங்கே தவறுகிறது? முதல் தையல், 2-0 பாலிபுரொப்பிலீன், பூப்பெலும்பு முனைக்கு மேலுள்ள ரெக்டஸ் உறையில், அதாவது நேர்வயிற்றுத் தசையின் உறையில், விழ வேண்டும். எலும்பு உறையில் விழுந்தால் நோயாளி மாதக்கணக்கில் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டுவார். அங்கிருந்து கீழ் ஓரம் தொடையிடுக்கு நாரான இன்குவைனல் லிகமென்டோடு தொடர் தையலாக உள் வளையத்தைச் சற்றுத் தாண்டும் வரை, மூன்று நான்கு கவ்வல்தான். லிகமென்டின் ஓரத்தைப் பிடியுங்கள். ஆழமாகக் குத்தினால் கீழே தொடையின் பெருநாளம் இருக்கிறது. மெஷ்ஷின் வெளிமுனையைப் பிளக்கும்போது மேலே மூன்றில் இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. விந்து நாண் இடையில் வர, மேல்வாலைக் கீழ்வாலின் மீது குறுக்காகப் போட்டு, இரண்டின் கீழ் ஓரத்தையும் ஒரே தையலில் லிகமென்டோடு சேர்க்க வேண்டும். வால்களைப் பக்கத்துப் பக்கத்தில் இணையாகத் தைத்தால் உள் வளையத்தருகே வாசல் திறந்தேயிருக்கும். மேல் ஓரத்துக்குக் கரையும் தையல் இரண்டு போதும்: ஒன்று ரெக்டஸ் உறையில், மற்றது உள் வளையத்தருகே உட்சாய் தசையின் வெள்ளைப் பகுதியில். சதையில் போட்டால் உள்ளே ஓடும் நரம்பு மாட்டிக்கொள்ளும். மெஷ் கயிற்றுக் கட்டில் மாதிரி விறைப்பாக இருக்கக் கூடாது, லேசாகத் தொங்கியிருக்க வேண்டும். படுத்திருப்பவர் எழுந்து நின்றால் வயிறு முன்னே தள்ளும். அந்த இடத்தை இப்போதே விட்டுவைக்க வேண்டும்.

முன்னே சொன்ன லாபம் இங்கேதான் கைக்கு வருகிறது. மெஷ் வைத்தபின், “ஐயா, பலமா ரெண்டு தடவ இருமுங்க” என்று சொல்லிப் பார்க்கலாம். மெஷ் எங்கே இழுக்கிறது, எந்த ஓரம் தூக்குகிறது, கவனிக்காமல் விட்ட இரண்டாவது பை ஏதேனும் உண்டா என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். முதுகு மரத்தவரால் இப்படி இரும முடியாது.

பையைப் பற்றி இரண்டு வார்த்தை. உள் வளையம் வழியாகக் கால்வாய்க்குள் இறங்கும் மறைமுகப் பையைக் கழுத்துவரை பிரித்துக் கட்டாமலே உள்ளே தள்ளலாம். கட்டினால் வலி கூடுகிறது. விரைப்பைவரை இறங்கிய நீண்ட பையை அடிவரை துரத்திப் பிரிக்காதீர்கள். கால்வாயின் நடுவில் வெட்டி, கீழ்ப்பாதியின் முன்சுவரைத் திறந்துவிட்டு அங்கேயே விடுங்கள். முழுவதும் பிரித்தெடுக்கப் போனால் விரைக்குப் போகும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நசுங்கி, இரண்டு மூன்று நாளில் விரை கல்லாக வீங்கி வலிக்கும். பிறகு சுருங்கியும் போகலாம்.

நரம்புகள் மூன்று: இலியோஹைப்போகேஸ்ட்ரிக், இலியோஇன்குவைனல், ஜெனிட்டோஃபெமரலின் பிறப்புறுப்புக் கிளை. மூன்றாவதைத் தேடித் துருவ வேண்டாம். விந்து நாணுக்குக் கீழே ஓடும் நீலச் சிரையோடு ஒட்டியே வரும், அந்தச் சிரையை நாணோடு சேர்த்துத் தூக்கினால் நரம்பும் பத்திரம். உட்சாய் தசையின் மேலுறையை உரிக்காமல் விட்டால் முதலாவதும் பிழைக்கும். காயப்பட்ட நரம்பையோ மெஷ்ஷோடு உரசியே தீரும் நரம்பையோ அரைகுறையாக விட்டுவைப்பதைவிட, சுத்தமாக வெட்டி முனையைச் சதைக்குள் புதைப்பது நல்லது. இந்த அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் வலி நீடிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். மீண்டும் குடலிறக்கம் வருவதைவிட இதுவே இன்று பெரிய பிரச்சினை. ஆனால் ஓபியில் யாரும் கேட்பதில்லை, நோயாளியும் கூச்சத்தில் சொல்வதில்லை.

யாருக்கெல்லாம் லோக்கல் வேண்டாம்: உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது, குடல் அடைப்பு அல்லது அழுகல் சந்தேகம், குழந்தைகள், மிகப் பருமனானவர்கள், விரைப்பை நிறைய இறங்கிய பெரிய குடலிறக்கம், முன்பே திறந்த முறையில் மெஷ் வைத்து மீண்டும் வந்தது, பயத்தில் நடுங்குபவர்கள். பெண்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு, தொடையிடுக்குக்குச் சற்றுக் கீழே வரும் தொடைக் குடலிறக்கம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம், முன்பக்க மெஷ் அதை மூடாது. வசதியிருந்தால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழிக் கேமரா அறுவை) செய்யும் மையத்துக்கு அனுப்புவதே முறை.

முதல் நாள் இரவே பிளேடால் மழிக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். முடி இடைஞ்சலாக இருந்தால் மட்டும், அன்று காலை கிளிப்பரால் வெட்டினால் போதும். காயத்தொற்று அதிகமுள்ள இடங்களில் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் 2 கிராம், ஒரே தடவை. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரைச் சீட்டுக்கு இதில் வேலையில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வதுதான் பலருக்கு அறுவையைவிடப் பெரிய செலவு. “ஆறு மாசம் எதையும் தூக்காதீங்க” என்ற வாக்கியம் கூலிக்காரர் வீட்டில் ஆறு மாதக் கூலி. மெஷ் முறைக்கு அந்தத் தடை தேவையில்லை. வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றே நடக்கலாம், படியேறலாம். மூன்று முதல் ஐந்து நாளில் அன்றாட வேலைகளுக்குத் திரும்பலாம். பாரத்தை வலி பார்த்துப் படிப்படியாகக் கூட்டலாம். பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக மூன்று நாள். சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் ஐபுப்ரூஃபனும். முதல் வாரத்தில் அந்த இடத்தில் மெத்தென்ற வீக்கம் வந்தால் பெரும்பாலும் நீர்க்கோப்பு, தானே வடியும். “உறிஞ்சி எடுத்துப் பார்ப்போம்” என்று ஊசி குத்தினால் வெளிக்கிருமியை மெஷ்ஷுக்கே கொண்டுசேர்ப்போம். காய்ச்சல், சிவப்பு, சீழ், வேகமாகப் பெருக்கும் வீக்கம், சிறுநீர் வராமை இவற்றுக்கு எந்த நேரமும் வர வேண்டும் என்பதைச் சீட்டில் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள், தொலைபேசி எண்ணோடு.

பதிவு இல்லாமல் இதில் எதுவும் நிலைக்காது. ஸ்வீடன் 1992 முதல் குடலிறக்கப் பதிவேடு வைத்திருக்கிறது. லோக்கலில் செய்த சில வகைகளில் மறு அறுவை கூடியது என்று மேலே சொன்ன கசப்பான தகவலை அவர்கள் கண்டுகொண்டதும் அதனால்தான். எங்கள் படிவம் ஒரே பக்கம்: எந்தப் பக்கம், நேரடியா மறைமுகமா தொடையா, வாய் எத்தனை விரல் அகலம், முதல் முறையா மறுமுறையா, நோயாளியின் எடை, கொடுத்த மருந்து மி.லி. கணக்கில், நடுவில் முதுகு ஊசிக்கோ முழு மயக்கத்துக்கோ மாற நேர்ந்ததா, மெஷ் அளவும் தொகுதி எண்ணும், மூன்று நரம்பும் தனித்தனியே பார்த்ததா, காத்ததா, வெட்டியதா, கத்தீட்டர் போட்டதா, எத்தனை மணிக்கு வீடு. மூன்றாம் மாதமும் ஓராண்டிலும் ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டே கேள்வி: வலி வேலையைத் தடுக்கிறதா, வீக்கம் திரும்ப வந்ததா. அழைப்பை அறுவை செய்த மருத்துவர் செய்யக் கூடாது. அவரிடம் நோயாளி “நல்லாருக்கேன் டாக்டர்” என்றுதான் சொல்வார்.

நாங்கள் எதிர்பார்க்கும் ஆணையில் இவை இருக்கட்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு பயிற்சி மேசை. தாலுகாவிலிருந்து ஒரு அறுவை மருத்துவரும் ஒரு தியேட்டர் செவிலியரும் ஜோடியாக வர வேண்டும், தனித்தனியே வந்தால் திரும்பிப் போய் எதுவும் நடக்காது. முதல் இருபது நோயாளிகளை அனுபவசாலியின் துணையோடு செய்த பிறகே தனியாக. டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத பியூபிவகெய்ன் வயல், லிப்பிட் எமல்ஷன், 7.5 x 15 மெஷ், கிளிப்பர் ஆகிய நான்கும் போய்ச் சேர்ந்த மருத்துவமனையில் மட்டும் சுற்றறிக்கை நடைமுறைக்கு வரட்டும். எத்தனை நாள் படுக்கை நிரம்பியது என்பதை வைத்து ஒரு மருத்துவமனையின் உழைப்பை அளக்கும் இடங்களில், அன்றே வீடு திரும்பிய நோயாளியும் முழு அறுவை சிகிச்சையாகவே கணக்கில் வர வேண்டும். படிவத்தின் மாதிரியையும் எடைவாரி மருந்து அட்டவணையையும் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தம். எந்த மாவட்டத்தில் தொடங்குவது என்பதைத் தாங்கள் முடிவு செய்து தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொது அறுவை சிகிச்சை, மயக்கவியல் துறைகளைச் சேர்ந்த மருத்துவர்கள், தியேட்டர் செவிலியர்கள்